கொலையாளி யாரென்று சொல்லிவிடாதீர்கள்!

கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆனதும் எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி எழும். "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, இதில் வேறு என்னதான் செய்யலாம்?" பிள்ளைகள் கேம்ஸ் ஆடுவார்கள். அப்பா மின் கட்டணம் கட்டுவார். எங்கள் சந்தவாசல் பக்கம், ஆரணிப் பட்டு நெய்கிற வீடுகளில், பார்டர் டிசைனைத் திரையில் போட்டுப் பார்ப்பார்கள். ஆனால் வீட்டில் இருக்கும் தாத்தாவுக்கு அந்தப் பெட்டியால் என்ன பயன் என்று யாரும் யோசிப்பதில்லை.

நான் ஒரு வழி சொல்கிறேன். அவரை உட்கார வைத்து 'அந்த நாள்' போட்டுக் காட்டுங்கள். படம் முடியும் வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது என்று மட்டும் கண்டிஷன் போடுங்கள். ஏனென்றால் கொலையாளி யாரென்று அவருக்குத் தெரியும்!

பழைய மர்மப் படங்களுக்கு இன்றும் ஏன் ஆள் இருக்கிறது? அவற்றைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் ஏன் சேர்க்கிறார்கள்? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நீங்கள் இதில் என்ன செய்ய முடியும்? இவை பற்றி எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்துக்கள் உண்டு. எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். பரவாயில்லை.

முதலில் 'அந்த நாள்' படத்தையே எடுத்துக்கொள்வோம். 1954-ல் ஏவி.எம். தயாரித்தது. இயக்கியவர் வீணை வித்வான் எஸ். பாலசந்தர். ஜாவர் சீதாராமன் வசனம் எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. சண்டை கிடையாது, நடனமும் கிடையாது. ஒரு படத்துக்குப் பத்துப் பதினைந்து பாட்டு சாதாரணமாக இருந்த காலத்தில் இப்படி ஒரு படம்! ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபரில் கதை நடக்கிறது. துப்பாக்கி வெடிக்கிறது. ரேடியோ என்ஜினீயர் ராஜன், அதாவது சிவாஜி கணேசன், படம் ஆரம்பித்த உடனேயே செத்து விழுகிறார். ஹீரோவை முதல் காட்சியிலேயே கொன்றுவிட்டு, பிறகு ஒவ்வொருவர் வாயாலும் அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல வைக்கிறார்கள். ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒத்துப்போவதில்லை. அகிரா குரோசவாவின் 'ராஷோமான்' (1950) படத்தின் பாதிப்பு இதில் உண்டு என்பது எல்லோரும் அறிந்ததுதான். வெளிவந்தபோது படம் வசூலில் ஓடவில்லை. இன்று தமிழின் முக்கியமான படங்களை யார் பட்டியல் போட்டாலும் இது அதில் இருக்கிறது.

இதே பாலசந்தர் 1962-ல் 'அவனா இவன்', 1964-ல் 'பொம்மை' என்று தொடர்ந்தார். 'நடு இரவில்' 1970-ல் வெளிவந்தது. ஒரு வீடு, அதற்குள் பல பேர், ஒவ்வொருவராகக் கொலை. அகதா கிறிஸ்டி படித்தவர்களுக்கு வாசனை பிடிபடும். 'பொம்மை' படத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கே.ஜே. யேசுதாஸின் குரலைத் தமிழ்த் திரையில் முதலில் கேட்டது அதில்தான். படம் முடிந்ததும் பாலசந்தரே திரையில் தோன்றி, நடித்தவர்களையும் உழைத்தவர்களையும் அறிமுகப்படுத்துவார். தியேட்டரில் பாதிப் பேர் அதற்குள் எழுந்து போயிருப்பார்கள். வீட்டில் பார்க்கிற நீங்களாவது கடைசி வரை உட்காருங்கள்.

அவர் மட்டும் அல்ல. 1964-ல் தாதா மிராசி இயக்கத்தில் 'புதிய பறவை', 1966-ல் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த 'யார் நீ?', 1967-ல் ஏ.சி. திருலோகசந்தரின் 'அதே கண்கள்'. இவற்றில் 'புதிய பறவை' ஒரு வங்காளப் படத்திலிருந்து வந்தது. அந்த வங்காளப் படம் ஓர் ஆங்கிலப் படத்திலிருந்து வந்தது. 'யார் நீ?' இந்தி 'வோ கௌன் தி'யின் தமிழ் வடிவம். "எல்லாம் காப்பிதானே?" என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நாற்பது பேர் ஒரே பாவு நூலை வாங்கினாலும் நாற்பது சேலையும் ஒன்றாகவா இருக்கிறது? கதை எங்கிருந்து வந்தாலும், அந்த ஊட்டி பங்களாவும் சிகரெட் புகையும் செளகார் ஜானகியின் சிரிப்பும் நம்முடையவை.

சொல்லப்போனால் இந்தத் தழுவல் வழக்கத்துக்கு எங்கள் பக்கத்து ஊரே ஒரு பெரிய சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத் துப்பறியும் நாவல்களையும் மர்ம நாவல்களையும் தழுவித் தமிழில் எழுதிக் குவித்த ஒருவரின் பெயரே ஆரணி குப்புசாமி முதலியார். 'ஆனந்தபோதினி' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். அவர் காலத்தவர்களான ஜே.ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிய கதைகள் பிறகு படங்களாயின. ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' இரண்டு முறை, 1935-லும் 1951-லும், படமானது. வடுவூராரின் 'திகம்பர சாமியார்' கதையை 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. எம்.என். நம்பியார் அதில் வில்லன் அல்ல, ஹீரோ! அதுவும் வேடத்துக்கு மேல் வேடம் போட்டுத் துப்பறிகிற ஹீரோ. நம்பியார் என்றாலே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் வில்லன்தான் என்று நினைப்பவர்கள் இந்தப் படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சரி, இவை ஏன் இன்னும் இழுக்கின்றன? என் கணக்கில் முதல் காரணம், இவற்றில் செல்போன் இல்லை. சிரிக்காதீர்கள். இன்று ஒரு மர்மக் கதை எழுதினால் முதல் வேலையாக ஹீரோவின் போனில் சார்ஜ் தீர்ந்துபோக வேண்டும் அல்லது டவர் கிடைக்காமல் போக வேண்டும். அந்தப் படங்களில் அந்த அவஸ்தை இல்லை. ட்ரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தந்தி வர வேண்டும். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் பயம் குடியிருக்கிறது.

இன்னொரு காரணம் வெளிச்சம். 'அந்த நாள்' ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் முகத்தில் பாதியை இருட்டில் விட்டுவிடுவார். அந்த இருட்டுப் பாதியில் என்ன இருக்கிறது என்று நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். கறுப்பு வெள்ளை என்பது வசதிக் குறைவால் வந்தது என்று நினைப்பவர்கள், பழைய படங்களுக்கு சாஃப்ட்வேர் மூலம் கலர் அடிக்கிறார்கள். நிழலுக்குக் கலர் அடித்தால் மர்மம் எங்கே இருக்கும்? இப்போது ஏ.ஐ. சாஃப்ட்வேர்கள் வேறு வந்து, மங்கலான படத்தைத் 'தெளிவாக்குகிறேன்' என்று நடிகர்களின் முகத்தை மெழுகு பொம்மை ஆக்கிவிடுகின்றன. ஆசைக்குச் செய்து பாருங்கள், தவறில்லை. ஆனால் ஒரிஜினல் ஃபைலை அழித்துவிட்டு அதைச் செய்யாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணத்தைச் சொல்கிறேன். மர்மப் படத்தை ஒரு முறை பார்த்தால் போதும், முடிவு தெரிந்த பிறகு அதில் என்ன இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். எனக்கோ மற்றப் படங்களைவிட மர்மப் படத்தைத்தான் இரண்டாம் முறை பார்க்கத் தோன்றுகிறது. முதல் முறை கொலையாளியைத் தேடுகிறோம். இரண்டாம் முறை டைரக்டரைத் துரத்துகிறோம். துப்பை எங்கே ஒளித்தார்? நேர்மையாக ஒளித்தாரா, ஏமாற்றிவிட்டாரா? அந்த ஆள் அந்த வசனத்தைச் சொல்லும்போது கண் எங்கே போயிற்று?

டென்ட் கொட்டகையில் படம் பார்த்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றப் படம் நடுநடுவே நிற்கும். இரண்டு மூன்று இடைவேளை வரும். முறுக்கைக் கடித்துக்கொண்டு "அவன்தான்டா", "இல்ல, அவ அண்ணன்தான்" என்று சண்டை போட்டுக்கொள்ள அது நல்ல வாய்ப்பு. ஆனால் காட்சியைத் திருப்பிப் பார்க்க முடியாது. உங்கள் கம்ப்யூட்டரில் முடியும். விஎல்சி பிளேயர் இலவச சாஃப்ட்வேர். அதில் படம் ஓடும்போது கீபோர்டில் 'இ' எழுத்துள்ள ஆங்கில விசையை அழுத்தினால் படம் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். பாலசந்தரை நீங்களே குறுக்கு விசாரணை செய்யலாம். 1954-ல் எந்த ரசிகனுக்கும் கிடைக்காத பாக்கியம் இது.

நெசவாளர் வீடுகளில் இந்தப் படங்களைப் பார்த்ததைவிடக் கேட்டவர்கள் அதிகம் இருப்பார்கள். வானொலியில் வந்த ஒலிச்சித்திரத்தைத்தான் சொல்கிறேன். கை நாடாவை வீசிக்கொண்டிருக்கும், கால் மிதியில் இருக்கும், காது மட்டும் ரேடியோவில். மர்மப் படத்தை இப்படிக் கேட்பது தனி அனுபவம். கதவு திறக்கும் சத்தம் வரும். திறந்தது யார் என்று தெரியாது! கதை வசன கேசட்டுகள் பீரோவில் கிடந்தால் அவற்றையும் தூக்கிப் போடாதீர்கள். டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் 'லைன் இன்' துளைக்கு ஒரு கேபிள் போட்டால், அடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் பதிவு செய்துவிடலாம். உங்கள் லேப்டாப்பில் அந்தத் துளை இல்லையென்றால் யூஎஸ்பி சவுண்ட் கார்டு என்று கேட்டு வாங்குங்கள். 'லைன் இன்' உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படங்கள் எப்போதும் இருக்கும், எங்கே போய்விடும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. தமிழ் பேசிய முதல் படம் என்று நாம் பெருமைப்படும் 'காளிதாஸ்' (1931) படத்தின் பிரதி இன்று இல்லை. பழைய காலத்து நைட்ரேட் பிலிம் தீக்குச்சி மாதிரி, பற்றினால் அணையாது. 2003 ஜனவரியில் பூனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் சேமிப்புக் கிடங்கு ஒன்றில் தீப்பிடித்து அப்படிப்பட்ட ரீல்கள் சாம்பலாயின. பிறகு வந்த அசிடேட் பிலிம் அவ்வளவு எளிதில் எரியாது. ஆனால் நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் புளித்துப்போய் வினிகர் வாடை அடித்துச் சுருங்கிவிடும். ஓடி முடிந்த கறுப்பு வெள்ளைப் பிரதிகளை அதில் உள்ள வெள்ளிக்காக உருக்கியதும் உண்டு.

இந்த இடத்தில்தான் சேகரிப்பாளர்கள் வருகிறார்கள். 'ஃபிலிம் நியூஸ்' ஆனந்தனை நினைத்துப் பாருங்கள். 2016-ல் மறைந்தார். யாரும் மதிக்காத ஸ்டில்களையும் பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் தனி மனிதராகச் சேர்த்தார். கடைசியில் தமிழக அரசே அவருடைய சேகரிப்பைப் பெற்றுக்கொண்டது. தமிழ்ப் படங்களின் வரலாற்றைப் பெரிய புத்தகமாகவும் எழுதினார். இன்று யார் தமிழ் சினிமா பற்றி எழுதினாலும் அவர் சேர்த்த தகவலைத் தொடாமல் எழுத முடியாது.

எல்லாச் சேகரிப்பாளரும் அப்படியா என்றால், இல்லை. "என்னிடம் இருக்கிறது, வேறு யாரிடமும் இல்லை" என்று சொல்வதற்காகவே வைத்திருப்பவர்கள் உண்டு. யாருக்கும் காட்ட மாட்டார்கள், காப்பி எடுக்கவும் விடமாட்டார்கள். பூஞ்சை அந்தப் பெருமையை மதிப்பதில்லை. ஒரே ஒரு காப்பி இருக்கும் படம் பாதி தொலைந்த படம் என்பேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு சேகரிப்பு இருக்கக்கூடும், நீங்கள் அதை அப்படி நினைத்திருக்க மாட்டீர்கள். பரண் மேல் இருக்கும் விசிடிகளைச் சொல்கிறேன். 2000-களில் கடைத்தெருவில் வாங்கியவை. இப்போது விற்கும் லேப்டாப்புகளில் சிடி டிரைவ் வருவதில்லை என்பதால் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. போடாதீர்கள். யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கி, டிஸ்க்கைப் போட்டுத் திறந்தால் 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டர் தெரியும். அதற்குள் 'டாட்' என்று முடியும் பெரிய ஃபைல்தான் படம். அதை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். விஎல்சி அதை ஓட்டும். இரண்டு டிஸ்க் படம் சுமார் ஒன்றரை ஜிபி. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் அறுநூறு படம் வைக்கலாம். ஒரு ஹார்ட் டிஸ்க்கை நம்பாதீர்கள், இன்னொன்றில் மறு காப்பி வையுங்கள். விஹெச்எஸ் கேசட் வைத்திருப்பவர்கள் இன்னும் அவசரப்பட வேண்டும். உலகில் கடைசியாக விசிஆர் தயாரித்து வந்த ஜப்பான் கம்பெனி 2016-ல் நிறுத்திவிட்டது. பழுதானால் ஸ்பேர் பார்ட் கிடைப்பது சிரமம்.

"விசிடியா? அதில் படம் மங்கல்தானே?" என்கிறீர்களா? உண்மை. 352-க்கு 288 புள்ளிகள்தான். இன்டர்நெட்டில் அதைவிடப் பளிச்சென்று கிடைக்கிறது. ஆனால் பளிச்சென்று இருப்பது முழுதாக இருக்கிறதா என்று பார்த்தீர்களா? ஒரு டிவி சேனலில் ஒரு மர்மப் படம் போட்டார்கள். நேரம் போதவில்லை என்று ஆரம்பத்தை வெட்டிவிட்டார்கள். கொலையே அதில்தான் இருந்தது! இரண்டு மணி நேரம் எல்லோரும் எதையோ விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எதை என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

உங்கள் காப்பி வெட்டப்பட்டதா என்று நீங்களே துப்பறியலாம். சென்சார் சர்டிபிகேட்டில் படத்தின் நீளம் இருக்கும். 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 27.4. 14,400 அடி என்றால் 160 நிமிடம். விஎல்சியில் உங்கள் ஃபைல் 153 நிமிடம் சில வினாடிகள் காட்டுகிறதா? பதற வேண்டாம். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். நம் டிவி முறையான 'பால்' 25 ஃபிரேம். அதனால் விசிடியிலும் டிவிடியிலும் படம் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓடி முடிந்துவிடும். பாட்டின் சுருதிகூடக் கொஞ்சம் ஏறியிருக்கும். சங்கீத ஞானம் உள்ளவர்கள் கண்டுபிடிப்பார்கள். ஆனால் 140 நிமிடம்தான் இருக்கிறது என்றால், எங்கேயோ கத்தரி விளையாடியிருக்கிறது. அந்த மங்கலான விசிடியில் அந்தப் பதிமூன்று நிமிடம் இருந்தால், அதுதான் பொக்கிஷம்.

இன்னொன்று. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய படங்கள் ஏறக்குறையச் சதுரமானவை. அகலமான திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் வேண்டும். அதை அடைக்கிறேன் என்று இழுத்துவிட்டால் பண்டரிபாய் குண்டாகிவிடுவார். மேலும் கீழும் வெட்டினால், சட்டத்தின் ஓரத்தில் டைரக்டர் வைத்த துப்பு போய்விடும். விஎல்சியில் ஆங்கில 'ஏ' விசையைத் தட்டித் தட்டி 4:3-க்குக் கொண்டுவாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். ஆகவே 'அந்த நாள்' படத்துக்கு 2014 முடிவோடும், 'புதிய பறவை', 'பொம்மை' படங்களுக்கு 2024 முடிவோடும் அது தீர்ந்தது. 'யார் நீ?'க்கு 2026 முடிவு வரை, 'அதே கண்க'ளுக்கு 2027 முடிவு வரை. அதற்காக எல்லாவற்றையும் உடனே இன்டர்நெட்டில் ஏற்றிவிடாதீர்கள். கதை, வசனம், பாட்டு ஆகியவற்றுக்குத் தனி உரிமை உண்டு. எழுதியவர் மறைந்து 60 வருடம் வரை அது நீடிக்கும். பாலசந்தர் 1990-ல்தான் மறைந்தார். உங்கள் விசிடியை உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் பத்திரப்படுத்துவது வேறு, காப்பி போட்டு விற்பது வேறு.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பத்திரப்படுத்தும் வேலை புதிதல்ல. ஜக்கார்டு பெட்டிக்கு மேலே தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். 1804-ல் பிரான்சில் வந்த அந்த அட்டை யோசனைதான், 1890 அமெரிக்க மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் மெஷினுக்குப் போய், பிறகு கம்ப்யூட்டருக்கும் வந்தது. பழைய பார்டரின் அட்டைக் கட்டு தொலைந்தால் அந்த டிசைனை மறுபடி உட்கார்ந்து கிராஃப் போட வேண்டும் என்று எந்த நெசவாளருக்கும் தெரியும். படத்துக்கு மறுபடி கிராஃப் போட முடியாது.

காப்பி செய்த ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது 'நியூ ஃபோல்டர் 2' என்று விட்டுவிடாதீர்கள். படத்தின் பெயர், ஆண்டு, எத்தனை நிமிடம் என்று தமிழிலேயே வைக்கலாம், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். கூடவே நோட்பேடில் ஒரு சின்ன ஃபைல். காப்பி எதிலிருந்து எடுத்தது, எந்த இடத்தில் டிஸ்க் கீறல், எந்தப் பாட்டு பாதியில் நிற்கிறது. தாத்தா இந்தப் படத்தை எந்த ஊர்க் கொட்டகையில் பார்த்தார், யாரோடு போனார் என்பதையும் அவர் சொல்லச் சொல்ல டைப் செய்துவிடுங்கள். அது எந்த சர்டிபிகேட்டிலும் இல்லாத தகவல். கொலையாளியின் பெயரை மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள். உங்கள் பேரன் திறந்து பார்ப்பான்.